பத்தொன்பது குடம் தண்ணீர்

2013 பிப்ரவரி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை இரவு. நார்வேயின் பொதுத் தொலைக்காட்சியான என்.ஆர்.கே. விறகைப் பற்றி 12 மணி நேர நிகழ்ச்சி ஒன்றை ஒளிபரப்பியது. முதல் நான்கு மணி நேரம் மரத்தை வெட்டுவது, பிளப்பது, அடுக்குவது பற்றிய பேச்சு. மீதி எட்டு மணி நேரமும் கணப்பில் எரியும் நெருப்பு மட்டும்தான். இடையிடையே ஒரு கை வரும், ஒரு கட்டையைச் செருகும், போய்விடும். 50 லட்சம் பேர் வாழும் அந்த நாட்டில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் கொஞ்ச நேரமாவது அதைப் பார்த்தார்கள்.

பார்த்தவர்களில் சிலருக்குக் கோபம் வந்தது. கட்டைகளைப் பட்டை மேலே பார்க்க அடுக்கியது தப்பு என்று ஒரு பாதிப் பேர் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். பட்டை கீழே பார்க்க அடுக்கியது தப்பு என்று மறுபாதி அனுப்பியது. இந்தக் கதையை வெளியே சொன்னவர் லார்ஸ் மிட்டிங். 2011இல் வந்த அவருடைய விறகு நூல்தான் அந்த நிகழ்ச்சிக்கு வித்து. நூலின் நார்வேஜியப் பெயருக்கு ‘முழு விறகு’ என்று பொருள். உறுதியான, நம்பத்தகுந்த மனிதரைக் குறிக்கவும் அங்கே அதே சொல்தான். வயதாகியும் திடம் குறையாதவரை நாம் ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்கிறோமே, அது மாதிரி.

பட்டை மேலேயா, கீழேயா? பதில் இருக்கிறது. ஆனால் அதற்குமுன், அந்த மக்கள் எதற்காக இவ்வளவு சண்டை போடுகிறார்கள் என்று தெரிய வேண்டும். அவர்கள் அடுக்குவது விறகை. போராடுவது தண்ணீரோடு.

வேட்டியும் கட்டையும்

நார்வேயில் கணப்புக்கு அதிகம் விரும்பப்படுவது வெள்ளைப் பட்டை கொண்ட பிர்ச் மரம். அன்றைக்கு வெட்டிய பிர்ச் கட்டையின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவானது தண்ணீர். ஒரு கன மீட்டர் பிர்ச்சை, இடைவெளியே இல்லாத முழு மரமாக, எடுத்துக்கொள்வோம். அதில் மரம் என்ற பொருள் ஏறக்குறைய 500 கிலோ. அதோடு 400 லிட்டருக்கு மேல் தண்ணீர். எரிப்பதற்கு ஏற்றதாக வேண்டுமானால் அந்தத் தண்ணீர் 125 லிட்டருக்கு இறங்க வேண்டும். அதாவது 280 லிட்டருக்கும் சற்று அதிகமாக வெளியேற வேண்டும். நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்றால், பத்தொன்பது குடம். தூக்கிக் கொட்ட முடியாத குடங்கள். காற்றுதான் ஒவ்வொரு துளியாகக் கொண்டுபோக வேண்டும்.

இந்தத் தண்ணீர் எங்கே இருக்கிறது? ஒரு வேட்டியைத் துவைத்து எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முறுக்கிப் பிழிந்தால் கொட்டுவது துணியின் இழைகளுக்கு இடையில் நின்ற நீர். பிழிந்து முடித்த பிறகும் வேட்டி ஈரமாகத்தான் இருக்கிறது. அது நூலுக்குள்ளேயே ஊறிய ஈரம். கட்டையிலும் இரண்டு தண்ணீர் உண்டு. செல்களின் உள்ளே, வெற்றிடத்தில் தேங்கி நிற்பது கட்டற்ற நீர். செல் சுவர்களுக்குள் செல்லுலோஸோடு ஒட்டிக்கொண்டு இருப்பது கட்டுண்ட நீர். முதலாவது சீக்கிரம் போய்விடும். இரண்டாவது, விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். மரப்பொருளின் எடையோடு ஒப்பிட்டு ஈரம் 30 சதவீதம் அளவுக்கு இறங்கும்போது கட்டற்ற நீர் தீர்ந்துவிடுகிறது. அதன்பிறகு போவதெல்லாம் சுவருக்குள் இருக்கும் ஈரம்.

சுவரிலிருந்து நீர் போனால் சுவர் சுருங்கும். மரம் ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டு திசையும் ஒத்துப்போகாததால் கட்டையின் முனையில் சூரியக் கதிர்போல வெடிப்பு விழுகிறது. முனை வெடித்தால் விறகு காய்ந்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். பாதிதான் சரி. முனை காய்ந்துவிட்டது, அவ்வளவே. நடுக்கட்டை இன்னும் ஈரமாக இருக்கலாம்.

முனை மட்டும் ஏன் முந்திக்கொள்கிறது? மரம் என்பது வேரிலிருந்து இலைக்கு நீர் ஏற்றிய குழாய்களின் கட்டு. நீர் நீளவாக்கில் நகர்வது எளிது, குறுக்கே நகர்வது கடினம். இதை வீட்டிலேயே பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த பிர்ச் துண்டின் ஒரு முனையில் பாத்திரம் தேய்க்கும் சோப்புநீரைத் தடவிவிட்டு மறுமுனையில் வாய் வைத்து ஊதினால் நுரைக் குமிழ்கள் எழும். ஊதுகுழலாகவே பயன்படும் அளவுக்கு அந்தக் கட்டையில் துளை இருக்கிறது. கண்ணுக்குத்தான் தெரிவதில்லை.

ஈரம் எதைத் திருடுகிறது?

ஈர விறகு ஏன் சூடு தருவதில்லை என்று கேட்டால், சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடுகிறது என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியம் காத்திருக்கிறது.

முற்றிலும் காய்ந்த ஒரு கிலோ மரத்தில் ஏறக்குறைய 5.3 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. பாதிக்குப் பாதி தண்ணீராக இருக்கும் ஒரு கிலோ பச்சை விறகை எடுத்துக்கொண்டால், அதில் மரம் அரை கிலோதான். அதன் ஆற்றல் 2.65 கிலோவாட் மணி. கூட இருக்கும் அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்க 0.35 கிலோவாட் மணி போதும். எட்டில் ஒரு பங்குதான் நஷ்டம். மீதி ஏழு பங்கு எங்கே?

அதில் கணிசமான பகுதி புகைபோக்கி வழியாகப் போகிறது. கட்டை நேரடியாக எரிவதில்லை. சூடேறும்போது முதலில் ஈரம் போகிறது. 200 டிகிரியைத் தாண்டியதும் மரம் சிதைந்து வாயுக்களை விடத் தொடங்குகிறது. நாம் சுவாலை என்று பார்ப்பது அந்த வாயு எரிவதைத்தான். கட்டையின் எடையில் பெரும்பங்கு இப்படி வாயுவாகவே வெளியேறிவிடும். கடைசியில் மிஞ்சும் கரிதான் கங்காகக் கனன்று எரிகிறது. அந்த வாயுக்கள் முழுக்க எரிய வேண்டுமானால் காற்றும் வேண்டும், ஏறக்குறைய 600 டிகிரி வெப்பமும் வேண்டும். ஈரக் கட்டைக்குள் நூறு டிகிரியைத் தாண்ட விடாமல் தண்ணீர் பிடித்து இழுக்கிறது. அடுப்பின் வெப்பநிலை ஏறுவதே இல்லை. வாயுக்கள் எரியாமலேயே கிளம்பிவிடுகின்றன. தண்ணீர் திருடுவது சிறு தொகை. ஆனால் திருடும்போது கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறது.

ஈர விறகை ஊதி ஊதிக் கண் எரிந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். புகை என்பது எரியாத விறகு. காசு கொடுத்து வாங்கியது கண் முன்னாலேயே காற்றில் போகிறது.

போவதில் ஒரு பங்கு போகாமலும் நின்றுவிடும். புகைபோக்கியின் குளிர்ந்த சுவரில் பட்டதும் நீராவியும் தாரும் படிந்து, கறுப்பாக, பிசுபிசுப்பாக, பிறகு பளபளப்பான ஓடாக இறுகுகின்றன. அதுவும் எரிபொருள்தான். ஒருநாள் நல்ல காய்ந்த விறகைப் போட்டு நெருப்பைக் கொழுந்துவிட வைத்தால் அந்தப் படிவு தீப்பிடித்துக்கொள்ளும். புகைபோக்கிக்குள் பற்றும் தீ 1000 டிகிரியைத் தொடும். செங்கல்லை வெடிக்கவைத்து, கூரை மரத்தையும் பிடிக்கும். இன்றைய ஈர விறகு என்றைக்கோ வைக்கும் தீ அது.

எடைக்கு வாங்கினால் தண்ணீர், அளவுக்கு வாங்கினால் காற்று

நம் ஊர் விறகுக் கடையில் பெரிய தராசு தொங்கும். பச்சைக் கட்டையைத் தலையில் கட்டிவிடுவார்களோ என்ற பயம் வாங்குகிறவர்களுக்கு எப்போதும் உண்டு. எடைக்கு வாங்கும்போது தண்ணீருக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறோம்.

வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வீட்டு விறகைப் பெரும்பாலும் கன அளவில் விற்பார்கள். ஈரமாக இருந்தாலும் காய்ந்திருந்தாலும் கட்டையின் பருமன் அதிகம் மாறாது. எனவே தண்ணீருக்குக் காசு இல்லை. ஆனால் இப்போது வேறொன்று விலைக்குள் நுழைகிறது. கட்டைகளுக்கு இடையில் இருக்கும் காற்று.

நார்வேயின் பழைய அளவு ‘ஃபாவ்ன்’. இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கும் அதுதான் பெயர். நம் கடலோடிகள் ஆழம் சொல்லும் ‘பாகம்’ போன்ற சொல். விறகில் ஒரு ஃபாவ்ன் என்றால் 60 சென்டிமீட்டர் கட்டைகளை 2 மீட்டர் உயரத்துக்கும் 2 மீட்டர் அகலத்துக்கும் அடுக்கிய அட்டி, அதாவது 2.4 கன மீட்டர். இன்று பலரும் 40, 60 லிட்டர் வலைச்சாக்குகளிலோ 1000 லிட்டர் பெருஞ்சாக்குகளிலோ வாங்குகிறார்கள். ஜெர்மனியில் மூன்று அளவுகள் புழங்குகின்றன: முழு மரமாகக் கணக்கிட்ட கன மீட்டர், அடுக்கிய கன மீட்டர், கொட்டிய கன மீட்டர். முழு மரமாக 1 கன மீட்டர் இருப்பது, பிளந்து அடுக்கினால் ஏறக்குறைய 1.4 கன மீட்டர் இடத்தை அடைக்கும். லாரியிலிருந்து தாறுமாறாகக் கொட்டினால் 2 கன மீட்டருக்கும் மேல். மூன்றிலும் இருப்பது ஒரே மரம். எந்த கன மீட்டர் என்று கேட்காமல் விலை பேசுகிறவர், பாதிக்குமேல் காற்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம்.

அமெரிக்க ‘கார்டு’ 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம். மொத்தம் 128 கன அடி. அதில் மரம் 80 முதல் 90 கன அடி வரைதான். ‘ஃபேஸ் கார்டு’ என்று இன்னொன்றும் உண்டு. அதுவும் 4 அடி உயரம், 8 அடி நீளம். ஆனால் ஆழம் ஒரே ஒரு கட்டையின் நீளம், பெரும்பாலும் 16 அங்குலம். எதிரில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பக்கவாட்டில் போய்ப் பார்த்தால்தான் இது அதில் மூன்றில் ஒன்று என்பது புரியும்.

ஈரத்தை எப்படிச் சோதிப்பது? இரண்டு காய்ந்த கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும், ஈரக் கட்டைகள் மொத்தென்று ஒலிக்கும். காதுக்குப் பதிலாக ஒரு சிறு கருவியும் கிடைக்கிறது. அதன் இரண்டு ஊசிகளை மரத்தில் குத்தினால் இடையே மின்தடையை அளந்து ஈரத்தைச் சதவீதமாகக் காட்டும். ஊசியை வெளிப்புறத்திலோ முனையிலோ குத்தக்கூடாது. கட்டையை அப்போதே பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில் குத்த வேண்டும்.

இங்கே ஒரு சதவீதக் குழப்பம் உண்டு. ஒரு கிலோ கட்டையில் அரை கிலோ தண்ணீர் இருந்தால் மொத்த எடையில் ஈரம் 50 சதவீதம். காய்ந்த மரத்தோடு மட்டும் ஒப்பிட்டால் அதே ஈரம் 100 சதவீதம். விறகுக் கருவிகள் பெரும்பாலும் இரண்டாவது கணக்கில் காட்டுபவை. வியாபாரி சொல்வது முதல் கணக்காக இருக்கலாம். மொத்த எடையில் 20 சதவீதம் என்பது கருவியில் 25 ஆகத் தெரியும். இருவரும் பொய் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 2021 மே மாதத்திலிருந்து, 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம்.

முருங்கையும் கருவேலமும்

எந்த மரம் நல்ல விறகு? எடைக்கு எடை பார்த்தால் எல்லாமே ஏறக்குறைய ஒன்றுதான். முருங்கைக் கட்டையை எந்த வீட்டிலும் விறகென்று மதிப்பதில்லை. கருவேலத்துக்கு மதிப்பு அதிகம். ஆனால் இரண்டையும் சுக்காகக் காயவைத்து ஒரு கிலோ ஒரு கிலோவாக எரித்தால் கிடைக்கும் வெப்பத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒரு கிலோ முருங்கை அடுப்படியை அடைத்துக்கொள்ளும், ஒரு கிலோ கருவேலம் ஒரு மூலையில் அடங்கிவிடும் என்பதுதான் வேறுபாடு.

கன அளவில் வாங்கும் நாட்டில் இந்த வேறுபாடே விலை. ஒரு கன மீட்டர் முழு மரத்தில் பீச் ஏறக்குறைய 570 கிலோ காய்ந்த பொருள் வைத்திருக்கிறது. பிர்ச் 500, பைன் 440, ஸ்ப்ரூஸ் 380. ஸ்ப்ரூஸ் சட்டென்று பற்றி, சட்டென்று சூடு தரும். இலையுதிர் காலத்தின் லேசான குளிருக்கு அது போதும். ஜனவரியின் கடுங்குளிருக்குப் பிர்ச் வேண்டும். அனுபவசாலிகள் இரண்டையும் வாங்கித் தனித்தனியாக அடுக்குவார்கள்.

எங்கிருந்து வாங்குகிறோம் என்பதும் முக்கியம். 2002இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் அருகே மரகத நிறத்தில் ஒரு சிறு வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. ஆசியாவைச் சேர்ந்த அதன் புழுக்கள் ஆஷ் மரத்தின் பட்டைக்கு அடியில் சுரங்கம் தோண்டி மரத்தைக் கொன்றுவிடும். வண்டு தானாகப் பறந்து போகும் தூரம் கொஞ்சம்தான். கூடாரமடித்துத் தங்கப் போகிறவர்களின் வண்டியில் ஏறிய விறகுதான் அதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுபோனது. கோடிக்கணக்கான மரங்கள் செத்தன. எரிக்கும் ஊரிலேயே விறகு வாங்குங்கள் என்று அங்கே அறிவுறுத்துவது அதனால்தான்.

கோடாலி முதலில், அட்டி பிறகு

பத்தொன்பது குடத்தை வெளியேற்றும் வேலை மரம் விழும்போதே தொடங்கலாம். நார்வேயில் ஒரு பழைய உத்தி இருக்கிறது. இலை விட்ட பிறகு பிர்ச்சை வெட்டி, கிளைகளைக் கழிக்காமல் அப்படியே கிடத்திவிடுவார்கள். மரம் செத்தது இலைகளுக்கு இன்னும் தெரியாது. அவை வாடும்வரை, சில வாரங்கள், தண்டிலிருந்து நீரை இழுத்துக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். இல்லையென்றால் குளிர்காலக் கடைசியில், நீர் மேலேறும் முன்பே வெட்டிவிடுவார்கள்.

அடுத்தது பிளப்பது. பிர்ச்சில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. பிர்ச் பட்டை நீர் புகாதது. நார்வேயின் பழைய வீடுகளில் புல் வேய்ந்த கூரைக்கு அடியில் மழைநீர் இறங்காமல் இருக்க அந்தப் பட்டையைத்தான் அடுக்கடுக்காகப் போட்டிருந்தார்கள். வெளியிலிருந்து நீரை விடாத பட்டை உள்ளேயிருந்தும் விடாது. பிளக்காத பிர்ச் உருளை தன் ஈரத்திலேயே ஊறி, பூஞ்சை பிடித்து, பட்டை மட்டும் அழகாக இருக்க உள்ளே உளுத்துப்போகும். கட்டையை 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டினால் நீளக் குழாய்களின் வாய் பக்கத்தில் வரும். பிளந்தால் குறுக்கே நீர் கடக்க வேண்டிய தூரம் குறையும். ஏப்ரலில் பிளந்து அடுக்கிய பிர்ச், கோடை முடிவதற்குள் காய்ந்துவிடும். ஓக் இரண்டு கோடை கேட்கும்.

அடுக்கும் விதி எல்லாமே காற்றைப் பற்றியதுதான். மண்ணில் வைக்காமல் குறுக்குக் கட்டைகளின் மேல் வைக்க வேண்டும், மண் ஈரம் ஏறாது. சுவரோடு ஒட்டாமல் ஒரு கை நுழையும் இடம் விட வேண்டும். வெயிலும் காற்றும் படும் பக்கமாக இருப்பது நல்லது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் காற்று. மேலே மட்டும் மூட வேண்டும். அட்டி முழுவதையும் பிளாஸ்டிக்கில் போர்த்துகிறவர் இட்லிப் பானை வைக்கிறார் என்று அர்த்தம். பகலில் கிளம்பும் ஆவி இரவில் உறையின் உள்பக்கம் துளியாகி, விறகின் மேலேயே சொட்டும். பச்சை விறகை வீட்டுக்குள் கொண்டுவந்து அடுக்குவதும் தவறு. பத்தொன்பது குடமும் சுவரில் பூஞ்சையாக முளைக்கும்.

எத்தனை வருடம் வைத்தாலும் வெளியே இருக்கும் விறகு முற்றிலும் காயாது. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்தோடு ஒரு சமநிலைக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிடும். ஈரமான குளிர்காலக் காற்றில் அந்த எல்லை 15 சதவீதத்துக்குச் சற்று மேலே. அதற்கும் கீழே போகவேண்டிய அவசியமும் இல்லை. மிகையாகக் காய்ந்த விறகு வாயுவைத் தாறுமாறாக விடும். அடுப்பில் அவ்வளவையும் எரிக்கக் காற்று போதாமல் அதுவும் புகையும்.

மேலிருந்து வைக்கும் தீ

இவ்வளவு பாடுபட்ட விறகையும் புகைய வைத்துவிட ஒரு வழி உண்டு: அடியில் தீ மூட்டுவது. அடியில் மூட்டினால் மேலே இருக்கும் குளிர்ந்த கட்டைகள் சூடாகி வாயு விடும், ஆனால் அதை எரிக்க மேலே சுவாலை இருக்காது. சுள்ளியை உச்சியில் வைத்து மேலிருந்து கொளுத்தினால் கீழிருந்து எழும் வாயு சுவாலைக்குள் நுழைந்துதான் வெளியே போக முடியும். ஓஸ்லோ நகராட்சி இதைத் தன் மக்களுக்குப் பிரசாரமே செய்கிறது. காரணம் உண்டு. காற்று அசையாத குளிர்கால நாட்களில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிட, அதைவிடச் சூடான காற்று மூடிபோல அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். அப்போது விறகுப் புகையின் நுண்துகள் மக்களின் நுரையீரலுக்குத்தான் போகும். அதனால்தான் 1998 முதல் நார்வேயில் விற்கும் புதிய அடுப்புகளுக்குத் துகள் வரம்பு வைத்தார்கள். அந்த அடுப்புகளில் சுவாலைக்கு மேலே இரண்டாவது முறை சூடான காற்றை விட்டு, தப்பியோடும் வாயுவையும் பிடித்து எரிக்கும் ஏற்பாடு இருக்கிறது.

சரி, பட்டை மேலேயா, கீழேயா? கூரையே இல்லாத அட்டி என்றால் மேல் வரிசைக்குப் பட்டை மேலே இருக்க வேண்டும். அந்த ஊர் வீட்டுக் கூரையைக் காத்த அதே பட்டை அட்டியையும் காக்கும். கூரை இருந்தால் எப்படி வைத்தாலும் ஒன்றுதான். கட்டை காய்வது முனை வழியாகவும் பிளந்த முகம் வழியாகவும். அவை இரண்டும் காற்றைப் பார்த்தால் போதும். குறுஞ்செய்தி அனுப்பிய இரண்டு பாதியும் தத்தம் வீட்டு அட்டியைப் பற்றிச் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

சந்தேகம் தீராதவர்களுக்குச் சமையலறைத் தராசு போதும். அட்டியின் நடுவிலிருந்து ஒரு கட்டையை எடுத்து, அடையாளம் போட்டு, எடை பார்த்து, கட்டையின் முகத்திலேயே பென்சிலால் எழுதிவிட்டு அதே இடத்தில் செருகிவிட வேண்டும். வாரம் ஒருமுறை எடுத்து எடை பார்த்து, பழைய எண்ணுக்குக் கீழே புதியதை எழுத வேண்டும். மே மாதத்தில் எண்கள் மளமளவென இறங்கும், ஜூலையில் தயங்கும், ஆகஸ்டில் ஒரே எண் இரண்டு மூன்று முறை வரும். ஜனவரி இரவுக்கான நெருப்பில் பெரும்பகுதி வேலை அன்றே முடிந்துவிட்டது. தீக்குச்சி மட்டும் பாக்கி.